சிறுநீரகத்துக்குப் பரவிய புற்றுநோயை சிடியில் பார்ப்பது எப்படி: சீட்டிலிருந்து ரிப்போர்ட் வரை

ரேடியாலஜி முதுநிலை மாணவர்களுக்கும் சிடி அறையில் வேலை செய்யும் டெக்னீஷியன்களுக்கும் எழுதுவது இது. வேறு உறுப்பில் தொடங்கிய புற்றுநோய் சிறுநீரகத்துக்கு வந்திருக்கிறதா என்று பார்க்கும்போது புதியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் வரிசையில்தான். கட்டியை முதலில் பார்த்து, அதற்கு ஒரு பெயரும் வைத்துவிட்டு, அப்புறம்தான் நோயாளிக்கு என்ன நோய், படம் எத்தனையாவது விநாடியில் எடுத்தது என்று தேடுகிறார்கள். கீழே உள்ள வரிசையில் போனால் அந்தச் சிக்கலில் பாதி வராது.

நோயாளியோ குடும்பத்தினரோ இதை வாசித்தால் ஒன்று மட்டும்: ரிப்போர்ட்டில் உள்ள வரிகளுக்கு உங்கள் மருத்துவர் சொல்லும் அர்த்தம்தான் அர்த்தம், இதை வைத்து நீங்களாக முடிவு கட்ட வேண்டாம்.

1. முதலில் சீட்டும் பழைய படமும்

சிடி கேட்டு மருத்துவர் அனுப்பும் சீட்டில் "சிஏ லங், ரீஸ்டேஜிங்" (நுரையீரல் புற்றுநோய், நோயின் நிலையை மறுபடி பார்க்க) என்று மட்டும் எழுதியிருக்கும். அதோடு நோயாளியை மேசையில் ஏற்றிவிடாதீர்கள். முதல் புற்றுநோய் எது, எந்த வகை, இப்போது என்ன மருந்து ஓடுகிறது, நோய் கட்டுக்குள் இருக்கிறதா வளர்கிறதா, இந்த நாலும் தெரியாமல் சிறுநீரகத்தில் தெரியும் எதற்கும் அர்த்தம் சொல்ல முடியாது.

இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குத்தான் போகிறது. அதனால் ரத்தம் வழியாகப் பரவும் எந்தப் புற்றுநோயும் அங்கே போய்ச் சேரலாம். அதிகம் பார்ப்பது நுரையீரல். அப்புறம் மார்பகம், பெருங்குடல், இரைப்பை, மெலனோமா என்ற தோல் புற்றுநோய், எதிர்ப்பக்கச் சிறுநீரகத்திலிருந்தே வருவது. பெரும்பாலானவர்களுக்கு விலா வலியோ சிறுநீரில் ரத்தமோ இருக்காது. எனவே "அறிகுறி ஒன்றும் இல்லை" என்பதை ஆறுதலாக எடுத்துக்கொள்ள முடியாது.

மருந்தின் பெயரை ஏன் கேட்கச் சொல்கிறேன் என்றால், ஏஎல்கே என்ற மரபணுவில் மாற்றம் உள்ள நுரையீரல் புற்றுநோய்க்குக் கொடுக்கும் கிரிசோட்டினிப் சிலருக்குச் சிறுநீரகத்தில் தடித்த சுவரும் உள்தடுப்புகளும் கொண்ட நீர்க்கட்டிகளை உண்டாக்கும், சில நேரம் அது பக்கத்திலுள்ள சோயாஸ் தசை வரைக்கும் நீளும், பார்ப்பதற்கு அசல் பரவல் கட்டி மாதிரியோ சீழ்க்கட்டி மாதிரியோ இருக்கும். மருந்தை நிறுத்தினால் சுருங்கிவிடும். இது தெரியாமல் "புதிய மெட்டாஸ்டாசிஸ்" (புதிய பரவல்) என்று எழுதினால், நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும் மருந்தை நோய் வளர்கிறது என்று நினைத்து மாற்றிவிடுவார்கள்.

பழைய படத்துக்கு வருவோம். கூட வந்தவர் கையில் இருக்கும் துணிக்கடைப் பையில்தான் பல நேரம் விடை இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முந்தைய சிடியில் அதே இடத்தில் அதே அளவில் அது இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஆனால் ஃபிலிமை மட்டும் வாங்காமல் டிஸ்க்கைக் கேளுங்கள். ஃபிலிமில் அடர்த்தியை அளக்க முடியாது.

2. கிரியாட்டினின், ஊசி, தண்ணீர்

கான்ட்ராஸ்ட் (திசுக்களை வேறுபடுத்திக் காட்ட ரத்தக்குழாயில் ஊசியாகப் போடும் அயோடின் மருந்து) இல்லாத சிடியில் சிறுநீரகப் பரவல் கட்டி பெரும்பாலும் தெரியவே தெரியாது, ஏனென்றால் கட்டியும் சுற்றியுள்ள திசுவும் ஏறக்குறைய ஒரே அடர்த்தி. ஆகவே கான்ட்ராஸ்ட் கொடுக்க முடியுமா என்பதை முன்பே தீர்த்துக்கொள்ள வேண்டும்.

சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய சிஸ்பிளாட்டின் போன்ற கீமோ மருந்து ஏறியவர்களுக்குப் போன மாதக் கிரியாட்டினின் போதாது, அண்மைய மதிப்பு வேண்டும். அதிலிருந்து ஈஜிஎஃப்ஆரை (சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் வேகம்) கணக்கிடுங்கள். 30க்குக் கீழே இருந்தால் சிகிச்சை தரும் மருத்துவரிடம் பேசாமல் ஊசி போடாதீர்கள். அந்த அளவிலும் திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு இருக்கும்போதும் நீரிழிவு மாத்திரையான மெட்ஃபார்மினை நிறுத்தி, 48 மணி நேரம் கழித்துச் சிறுநீரகச் செயல்பாட்டைப் பார்த்துத்தான் திரும்பத் தொடங்க வேண்டும். முன்பு கான்ட்ராஸ்ட் ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா என்பதையும் வாய்விட்டுக் கேளுங்கள். படிவத்தில் "இல்லை" என்று டிக் அடித்தவர்களே, கேட்டால் "போன தடவை உடம்பெல்லாம் தடிச்சுப் போச்சு" என்பார்கள்.

கீமோ எடுத்தவர்களின் நரம்பு எளிதில் கிடைக்காது. முழங்கை மடிப்பில் 20 கேஜ் கேனுலா, முடிந்தால் 18 (கேஜ் எண் குறைந்தால் குழாய் பெரிது). புறங்கையில் 24 கேஜைப் போட்டுவிட்டு விநாடிக்கு 3 மி.லி. தள்ளச் சொன்னால் ஒன்று நரம்பு வெடிக்கும், இல்லை வேகத்தைக் குறைப்பீர்கள். வேகம் குறைந்தால் அடுத்த படியில் நான் சொல்லப்போகும் நேரக்கணக்கு எல்லாம் வீண். நெஞ்சில் கீமோ ஏற்றத் தோலுக்கடியில் வைத்த கீமோபோர்ட் இருக்கிறதே என்று அதில் இன்ஜெக்டரை மாட்டவே மாட்டாதீர்கள். அழுத்தத்தைத் தாங்கும்படி செய்யப்பட்ட போர்ட் என்று அட்டையில் பார்த்து உறுதிசெய்தால் தவிர.

குடிக்கக் கொடுப்பது வெறும் தண்ணீர் போதும். வெள்ளையாகத் தெரியும் வாய்வழிக் கான்ட்ராஸ்ட் குடலில் நிறைந்திருந்தால் அதிலிருந்து வரும் கோடுகள் சிறுநீரகத்தின் மேல் விழுந்து அடர்த்தி அளவைக் கெடுக்கும்.

3. எந்த விநாடியில் எடுப்பது

கட்டுரையில் நிதானமாக வாசிக்க வேண்டிய பகுதி இது.

ஊசி போட்டு 25 முதல் 40 விநாடியில் சிறுநீரகத்தின் வெளிப்பகுதியான கார்டெக்ஸ் பளிச்சென்றும் உட்பகுதியான மெடுல்லா இருட்டாகவும் இருக்கும். இது கார்ட்டிகோமெடுல்லரி ஃபேஸ் (ஃபேஸ் என்றால் ஊசிக்குப் பின் படம் எடுக்கும் கட்டம்). இதில் இரண்டு விதத்தில் ஏமாறலாம். மெடுல்லாவுக்குள் இருக்கும் இருண்ட கட்டி, இருண்ட மெடுல்லாவோடு கலந்து மறைந்துவிடும். ரத்தம் நிறைய வாங்கும் கட்டியோ பளிச்சிடும் கார்டெக்ஸோடு கலந்துவிடும். போதாததற்கு, ஒன்றுமில்லாத மெடுல்லரி பிரமிடையே (மெடுல்லாவின் இயல்பான கூம்புப் பகுதி) கட்டி என்று எழுதிவிடுபவர்களும் உண்டு.

ஏறக்குறைய 90 முதல் 120 விநாடிக்குள் சிறுநீரகம் முழுக்க ஒரே சீராக வெளுக்கும். இதுதான் நெஃப்ரோகிராஃபிக் ஃபேஸ். பரவல் கட்டிகளில் பெரும்பாலானவை ரத்தம் குறைவாக வாங்குபவை, அதனால் வெளுத்த திசுவில் சாம்பல் புள்ளியாக இங்கேதான் நன்றாகத் தெரியும். ஒரே ஒரு ஃபேஸ்தான் எடுக்க முடியும் என்றால் நான் இதைத்தான் எடுப்பேன்.

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. வழக்கமான புற்றுநோய் சிடியில் வயிற்றை எடுப்பது 70ஆவது விநாடியை ஒட்டி, கல்லீரலுக்காக. அந்த நேரத்தில் சிறுநீரகம் பாதி வழியில் நிற்கும்: கார்டெக்ஸுக்கும் மெடுல்லாவுக்கும் உள்ள வேறுபாடு இன்னும் போயிருக்காது. 1 செ.மீ.க்குக் குறைந்த கட்டிகள் தவறிப்போவது பெரும்பாலும் இதனால்தான். இதய பலம் குறைந்தவர்களுக்கு இன்னும் தாமதமாகும், 100 விநாடியில்கூட அவர்கள் சிறுநீரகம் கார்ட்டிகோமெடுல்லரி ஃபேஸ் மாதிரியே இருக்கும்.

டெக்னீஷியன்களுக்கு ஒரு வேண்டுகோள். படம் ஓடும்போதே கன்சோலில் சிறுநீரகத்தை ஒரு பார்வை பாருங்கள். புதிதாக ஏதோ இருக்கிறது என்று பட்டால் நோயாளியை இறக்காமல் மருத்துவரைக் கூப்பிட்டு, அவர் சரி என்றால் 4 அல்லது 5 நிமிடத்தில் சிறுநீரகங்களுக்கு மட்டும் இன்னொரு தடவை எடுங்கள். நாளைக்கு நோயாளியை மறுபடி வரச்சொல்லி, மறுபடி ஊசி போடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

சிறுநீரகத்தில் கட்டி இருக்கிறதா என்பதே கேள்வி என்றால் வரிசை இப்படி: கான்ட்ராஸ்ட் இல்லாமல் ஒன்று, நெஃப்ரோகிராஃபிக் ஒன்று, தேவைப்பட்டால் 5 நிமிடத்துக்கு மேல் எக்ஸ்கிரீட்டரி ஒன்று. கடைசியில் சிறுநீர்ப்பாதை வெள்ளையாக நிரம்பும், அதனால் கட்டி கலெக்டிங் சிஸ்டத்திலிருந்து (சிறுநீர் சேரும் உள்பாதை) வருகிறதா, அதை அழுத்துகிறதா என்று தெரியும். கார்ட்டிகோமெடுல்லரி ஃபேஸை எல்லாருக்கும் எடுக்காதீர்கள். தைராய்டு, மெலனோமா, எதிர்ப்பக்கச் சிறுநீரகம் போல ரத்தம் நிறைய வாங்கும் கட்டிகளைத் தரும் புற்றுநோய் என்றால், அல்லது அறுவை சிகிச்சைக்கு ரத்தக்குழாய் வரைபடம் வேண்டும் என்றால் மட்டும். ஒவ்வொரு ஃபேஸும் கூடுதல் கதிர்வீச்சு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை வருபவருக்கு அது சேர்ந்துகொண்டே போகும்.

எல்லா ஃபேஸிலும் மூச்சு ஒரே மாதிரி இருக்க வேண்டும். முதல் தடவை "மூச்சை இழுத்துப் பிடிங்க", அடுத்த தடவை "மூச்சை விட்டு நிறுத்துங்க" என்று சொன்னால் சிறுநீரகம் சில செ.மீ. இடம் மாறிவிடும். அப்புறம் ஒரே கட்டியை இரண்டு ஃபேஸிலும் ஒப்பிடுவது பெரும்பாடு.

4. ஸ்லைஸும் விண்டோவும்

3 மி.மீ. அல்லது அதற்கும் மெல்லிய ஸ்லைஸ், கூடவே கொரோனல் (உடலை முன்னிருந்து பார்ப்பது போன்ற) படம். 5 மி.மீ. ஸ்லைஸில் 7 மி.மீ. கட்டியின் அடர்த்தி என்று நீங்கள் அளப்பது பக்கத்துத் திசுவும் கலந்த ஏதோ ஒன்று. ஸ்லைஸின் தடிமனைப்போல் இரண்டு மடங்காவது இருக்கும் கட்டியைத்தான் நம்பி அளக்கலாம்.

விண்டோ என்பது திரையில் சாம்பல் நிறங்களாகப் பிரித்துக் காட்டும் அடர்த்தி வரம்பு. வயிற்றுக்கான வழக்கமான விண்டோ, அகலம் 400, மையம் 40 ஹவுன்ஸ்ஃபீல்டு (சிடியில் அடர்த்தியின் அலகு). நெஃப்ரோகிராஃபிக் ஃபேஸில் சிறுநீரகம் 150க்கு மேலே போய்விடுவதால் அந்த விண்டோவில் அது ஒரே வெள்ளைத் திட்டாகத் தெரியும், உள்ளே இருக்கும் லேசான சாம்பல் தெரியாது. அகலத்தை 200-250க்கும் மையத்தை 100-120க்கும் கொண்டுவந்து பாருங்கள். ஐந்து விநாடி வேலை. புதியவர்கள் செய்யாமல் விடுவதும் இதைத்தான்.

5. தேடுவதற்கு ஒரு பாதை

ஒரு சிறுநீரகத்தை மேல்முனையிலிருந்து கீழ்முனை வரை முழுவதும் பார்த்து முடித்துவிட்டு மற்றதற்குப் போங்கள், இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்காதீர்கள். அப்புறம் கொரோனலில் இரண்டு முனைகளையும் திரும்பப் பாருங்கள்: முனையில் உள்ள கட்டி குறுக்குவெட்டுப் படத்தில் ஒன்றிரண்டு ஸ்லைஸில் வந்து போய்விடும், மேல்முனையில் இருப்பது அட்ரினல் சுரப்பிக் கட்டியா சிறுநீரகக் கட்டியா என்பதும் அங்கேதான் தெளியும்.

பிறகு சிறுநீரகத்தைச் சுற்றியுள்ள கொழுப்பு. மெலனோமாவும் நுரையீரல் புற்றுநோயும் சில நேரம் சிறுநீரகத்தைத் தொடாமல் இந்தக் கொழுப்பில் மட்டும் முடிச்சுகளாக உட்காரும். சிறுநீரகம் சுத்தமாக இருக்கிறது என்று அடுத்த உறுப்புக்கு ஓடினால் தவறிவிடும்.

ஒரு கட்டி கிடைத்ததும் தேடலை நிறுத்தாதீர்கள். ஒன்றா பலவா என்பது வெறும் எண்ணிக்கை இல்லை. நுரையீரல் புற்றுநோயின் நிலை வகுப்பில் மார்புக்கு வெளியே ஒரே பரவல் இருப்பதும் பல இருப்பதும் தனித்தனிப் பிரிவு, சிகிச்சைத் திட்டமும் அதை வைத்தே மாறலாம்.

6. அடர்த்தியை அளப்பது

கான்ட்ராஸ்ட் இல்லாத படத்திலும் நெஃப்ரோகிராஃபிக் படத்திலும் கட்டியின் ஒரே இடத்தில், ஒரே அளவில் வட்டம் போடுங்கள். ஓரத்தைத் தொடாமல், ஆனால் கட்டியில் பாதிக்கு மேல் பிடிக்கும்படி. கால்சியம் இருக்கும் இடத்தை விட்டுவிடுங்கள். இரண்டு படமும் ஒரே கிலோவோல்ட்டில் எடுத்ததுதானா என்றும் பாருங்கள்: கிலோவோல்ட் குறைந்தால் அயோடின் கூடுதலாகப் பளிச்சிடும், இல்லாத வித்தியாசம் இருப்பதாகத் தெரியும்.

வித்தியாசம் 20 ஹவுன்ஸ்ஃபீல்டுக்கு மேல் என்றால் கட்டி கான்ட்ராஸ்ட் பிடித்திருக்கிறது, அதாவது திடக்கட்டி. 10க்குக் கீழே என்றால் பிடிக்கவில்லை. நடுவில் உள்ள 10 முதல் 20 வரைதான் வம்பு.

வம்பு இரண்டு பக்கமும் இருக்கிறது. 1 செ.மீ. அளவுள்ள சாதாரண நீர்க்கட்டி, வெளுத்த திசுவின் நடுவில் உட்கார்ந்திருந்தால், கணினி செய்யும் திருத்தத்தால் 10-15 கூடினாற்போலக் காட்டும். உண்மையில் ஒன்றும் பிடித்திருக்காது. அதே நேரம் ரத்தம் குறைவாக வாங்கும் பரவல் கட்டி நிஜமாகவே 15தான் கூடும். எண் ஒன்று, பொருள் இரண்டு. எண்ணை விட்டுவிட்டு ஓரத்தைப் பாருங்கள். நீர்க்கட்டியின் விளிம்பு பென்சிலால் வரைந்த மாதிரி இருக்கும், உள்ளே ஒரே சீர். பரவல் கட்டியின் ஓரம் திசுவுக்குள் கரைந்து போகும், எங்கே முடிகிறது என்று கோடு போட முடியாது. அப்படியும் தெரியவில்லை என்றால் எம்ஆர்ஐ, அல்லது ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்து அதே ஃபேஸில் மறுபடி சிடி. புற்றுநோயாளி விஷயத்தில் "சிறியது, நீர்க்கட்டியாகத்தான் இருக்கும்" என்று பழக்கதோஷத்தில் எழுதாதீர்கள். அதேபோல எல்லாச் சின்னப் புள்ளியையும் பரவல் என்றும் எழுதாதீர்கள், வயதானவர்களிடம் நீர்க்கட்டி இல்லாத சிறுநீரகம்தான் குறைவு.

மைனஸ் 10க்குக் கீழே அடர்த்தி தெரிந்தால் அது கொழுப்பு. பெரும்பாலும் ஆஞ்சியோமயோலைபோமா, புற்றுநோய் அல்லாத கட்டி.

7. பந்தா, அவரை விதையா

திடக்கட்டி என்று உறுதியானதும் அடுத்த கேள்வி: வெளியிலிருந்து வந்ததா, சிறுநீரகத்திலேயே முளைத்ததா?

சிறுநீரகத்திலேயே தோன்றும் புற்றுநோயான ஆர்சிசி பெரும்பாலும் பந்து போல வளரும், சிறுநீரகத்தின் வெளிக்கோட்டைத் தள்ளிக்கொண்டு புடைக்கும். பரவல் கட்டி திசுவின் இடையிடையே ஊடுருவிப் போவதால் சிறுநீரகத்தின் அவரை விதை வடிவம் அப்படியே இருக்கும், அல்லது மொத்தமாகக் கொஞ்சம் பெருத்திருக்கும். சிறியது, பல, இரண்டு பக்கமும், ரத்தம் குறைவு, ஓரம் மங்கல்: இதுதான் வழக்கமான முகம்.

ஆனால் இதை மனப்பாடம் செய்துகொண்டு வருபவர்கள்தான் அதிகம் சறுக்குகிறார்கள். ஒற்றைக் கட்டியாக வருவதும் அபூர்வமில்லை. பெருங்குடல் புற்றுநோயிலிருந்து வருவது பெரிதாக, ஒற்றையாக, வெளியே புடைத்துக்கொண்டு ஆர்சிசி மாதிரியே நிற்கலாம். மறுபக்கம், பாப்பில்லரி வகை ஆர்சிசி ரத்தம் குறைவாக வாங்கும், பலவாகவும் இரண்டு பக்கமும் வரும். விளிம்பு தெளிவாக இருப்பது மட்டும்தான் அதைக் காட்டிக்கொடுக்கும். சிறுநீரகச் சிரைக்குள் (ரீனல் வெயின்) கட்டி வளர்ந்திருந்தால் ஆர்சிசி பக்கம் சாயலாம், பரவல் கட்டியில் அது அரிது.

8. வேறு எவையெல்லாம் இப்படித் தெரியும்

நிணநீர்ப் புற்றுநோயான லிம்ஃபோமா முதல் ஆள். பல கட்டிகள், ஒரே சீரான மங்கல், கூடவே பெருந்தமனியைச் சுற்றிப் பெரிய நிணநீர்க் கணுக்கள். சிறுநீரக ரத்தக்குழாயைச் சுற்றி வளைத்திருக்கும், ஆனால் அடைத்திருக்காது.

இன்ஃபார்க்ட்டை (ரத்தக்குழாய் அடைத்துத் திசு செத்த பகுதி) நினைவில் வையுங்கள். புற்றுநோயாளிகளுக்கு ரத்தம் எளிதில் உறையும். ஆப்பு வடிவம், கான்ட்ராஸ்ட்டே பிடிக்காத பகுதி, அதன் வெளியோரத்தில் மட்டும் மெல்லிய வெள்ளைக் கோடு. அந்தக் கோடு முதல் சில மணி நேரத்தில் இருக்காது, இல்லை என்பதற்காக இன்ஃபார்க்ட்டை ஒதுக்கிவிடக் கூடாது.

பைலோநெஃப்ரைட்டிஸ் என்ற சிறுநீரகக் கிருமித்தொற்றிலும் ஆப்பு வடிவம், கோடு கோடாக வரும். காய்ச்சல் இருக்கிறதா, சிறுநீர்ப் பரிசோதனையில் சீழ்ச்செல் இருக்கிறதா என்று கேட்டால் முடிந்தது. கீமோவில் வெள்ளணு குறைந்தவருக்குக் காய்ச்சல் பெரிதாகக் காட்டாமலும் போகலாம், கவனம். நம் ஊரில் காசநோயையும் பட்டியலிலிருந்து எடுக்க முடியாது: கேலிக்ஸ் (சிறுநீர் சேரும் கிண்ணம்) அரிப்பு, சிறுநீர்க்குழாய் சுருக்கம், கால்சியம் தெரிந்தால் அந்தப் பக்கம் யோசியுங்கள்.

பெட் சிடியில் ஒன்றும் தெரியவில்லையே என்று சிலர் வாதிப்பார்கள். பெட் சிடிக்குப் போடும் கதிரியக்கச் சர்க்கரையான எஃப்டிஜி சிறுநீரில்தான் வெளியேறுகிறது, சிறுநீரகம் எப்போதும் ஒளிர்ந்துகொண்டிருக்கும், அதில் சிறிய கட்டி ஒளிந்துகொள்ளும். அந்த "ஒன்றுமில்லை"யை நான் கணக்கில் எடுப்பதில்லை.

9. ஒற்றைக் கட்டி என்றால்

நுரையீரலிலும் கல்லீரலிலும் நோய் பெருகிக்கொண்டிருக்கும்போது சிறுநீரகத்திலும் பல புதுக் கட்டிகள் வந்தால் யாரும் பயாப்சி கேட்கப்போவதில்லை. முதல் புற்றுநோய் அடங்கியிருக்கும் நேரத்தில், வேறெங்கும் ஒன்றுமில்லாமல், சிறுநீரகத்தில் மட்டும் ஒரு கட்டி வந்தால் அது புதிய ஆர்சிசியாக இருக்கும் வாய்ப்பு வலுவாக உண்டு. அதைப் பரவல் என்று எழுதினால் அறுவை சிகிச்சையில் குணமாகக்கூடியவரை நாலாம் நிலை நோயாளி ஆக்கிவிடுகிறீர்கள். இந்த இடத்தில் பயாப்சி வேண்டும் என்று வெளிப்படையாக எழுதுங்கள்.

செய்வதற்கு முன் தட்டணு, ஐஎன்ஆர் (ரத்தம் உறையும் நேரத்தின் அளவு), ரத்த அழுத்தம், ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மருந்து, எல்லாவற்றையும் சரிபாருங்கள். சிறுநீரகம் ரத்தம் கசியும் உறுப்பு. 18 கேஜ் கோர் ஊசி வழக்கம். மாதிரியோடு போகும் தாளில் முதல் புற்றுநோய் என்ன என்று எழுதாவிட்டால் பேத்தாலஜியில் எந்த மார்க்கர் (கட்டி எந்த உறுப்பினது என்று காட்டும் சாயச் சோதனை) போடுவது என்று தெரியாமல் திசு வீணாகும். நுரையீரல் அடினோகார்சினோமா என்றால் டிடிஎஃப்-1, சிறுநீரகம் என்றால் பேக்ஸ்-8 என்று அவர்கள் முடிவுசெய்ய நீங்கள் எழுதும் அந்த ஒரு வரிதான் உதவும்.

10. ரிப்போர்ட்

எண்ணிக்கை, எந்தப் பக்கம், எந்த முனை, நீள அச்சு, இரண்டு ஃபேஸிலும் அடர்த்தி, ஓரம், கொழுப்பில் முடிச்சு, சிறுநீரகச் சிரை, நிணநீர்க் கணு. கூடவே அளந்த படத்தின் சீரிஸ் எண்ணும் இமேஜ் எண்ணும். அடுத்த முறை பார்ப்பவர் வேறொரு ஆளாக இருப்பார், நீங்கள் எந்தக் கட்டியை அளந்தீர்கள் என்று அவர் ஊகிக்க வேண்டியிருக்கக் கூடாது.

ரெசிஸ்ட் 1.1 (சிகிச்சையில் கட்டி சுருங்குகிறதா வளர்கிறதா என்று அளக்கும் விதிமுறை) கேட்டிருந்தால்: இலக்குக் கட்டி என்று எடுக்க குறைந்தது 10 மி.மீ., அதுவும் ஸ்லைஸ் 5 மி.மீ.க்கு மிகாமல் இருந்தால். ஓர் உறுப்புக்கு இரண்டு, மொத்தம் ஐந்து. இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து ஒரே உறுப்பு, ஆளுக்கு இரண்டு என்று நாலு எடுத்துவிடாதீர்கள். ஓரம் கரைந்து தெரியாத கட்டியை இலக்காக வைக்காமல் இருப்பதே நல்லது, அளப்பவர் மாறினால் எண்ணும் மாறும்.

தொடர் சிடிகளில் ஃபேஸ் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். போன தடவை 70 விநாடி, இந்தத் தடவை 100 விநாடி என்றால் முன்பு மறைந்திருந்த கட்டி "புதிது" என்று வரும், நோய் வளர்ந்ததாகக் கணக்காகும். அப்படி மாறிப்போயிருந்தால் ரிப்போர்ட்டின் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்: முந்தைய படம் எந்த ஃபேஸ், இது எந்த ஃபேஸ், அதனால் எந்தக் கட்டியை ஒப்பிட முடியவில்லை.